பரஸ்தானம் போன தையல் மெஷின்

தையல் மெஷின் விற்கிற தொழிலில் மெஷினைத் தவிர மற்ற எல்லாம் தேய்ந்துபோகும்: செருப்பு, தோள், நம்பிக்கை. பெட்டி தூக்கிப் பிழைக்கும் சகோதரர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வாசலில் உட்கார்ந்து சக்கரத்தைச் சுற்றிக் காட்டி, பார்த்தவர்கள் எல்லாரும் ‘பேஷ்’ சொல்லிவிட்டு உள்ளே போன பிறகு, மூடியைப் போட்டுப் பெட்டியை மறுபடி தோளில் ஏற்றும்போது வருகிற பெருமூச்சு நம் எல்லாருக்கும் பொது.

நான் யாழ்ப்பாணத்துக்காரன். முப்பதுகளில் கொழும்பில் ஒரு தையல் மெஷின் கடையில் வேலை பார்த்தேன். முதலாளி புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்காரர். தன் சொந்தச் சீமையிலும் மெஷின் ஓட வேண்டும் என்று அவருக்கு ஒரு ஆசை. ஒரு கை மெஷினைக் கொடுத்து என்னைக் கப்பல் ஏற்றிவிட்டார். விற்றுவிட்டு வந்தால் வேலை நிரந்தரம், விற்காமல் வந்தால் வேறு இடம் பார்த்துக்கொள் என்று பேச்சு. வேலை நிரந்தரமானால்தான் பெண் தருவேன் என்று என் தாய்மாமன் வேறு கறாராகச் சொல்லியிருந்தார். ஆக, அந்த மரப்பெட்டிக்குள் மெஷினோடு என் மாமன் மகள் செல்லமும் உட்கார்ந்திருந்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேரும் சோறும்

புதுக்கோட்டைப் பக்கம் அரிமளத்தில் அழகம்மை அக்காவும் அவர் கணவர் சுப்பையா அண்ணனும் தங்கள் வீட்டு முன்கட்டு அறைகளை வெளியூர்க்காரர்களுக்கு விட்டு, சமைத்தும் போட்டார்கள். பலகை கிலகை ஒன்றும் கிடையாது. சாம்பார் வாசனையைப் பிடித்துக்கொண்டே போனால் வீடு வந்துவிடும். நானும் அப்படித்தான் போனேன்.

பெட்டியை இறக்கியதும், புது இடத்தில் முறைப்படி நடந்துகொள்ள வேண்டுமே என்று என் பெயர், ஊர், முதலாளி பெயர், வந்த காரியம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லத் தொடங்கினேன். பெயரில் பாதிகூட முடியவில்லை. அக்கா ஒரு செம்புத் தண்ணீரை என் கையில் திணித்து, இலையைக் காட்டினார். “பேரு எங்கயும் ஓடிப்போகாது தம்பி. சோறுதான் ஆறிப்போகும்!”

வெளிநாட்டுக்காரர்

கொழும்புக்குப் போய் வந்தவர்களை அந்த ஊர் நிறையப் பார்த்திருந்தது. இலங்கையிலேயே பிறந்து வளர்ந்த ஒருத்தனைப் பார்த்ததில்லை. நான் வந்த செய்தி பரவியதும் தெருவில் பாதிப் பேர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஓர் அம்மாள் மட்டும் மூச்சிரைக்க ஓடி வந்து, என்னை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார். முகம் விழுந்துவிட்டது. “நம்மளாட்டமேதான இருக்காரு! இதுக்கா அடுப்புல பாலை வச்சிட்டு ஓடியாந்தேன்?”

புட்டு

வீட்டு ஞாபகத்தில் நான் வாடக் கூடாது என்று அக்காவுக்குக் கவலை. உங்கள் ஊரில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். புட்டு என்றேன். மறுநாள் காலையில் புட்டு வந்தது, வெல்லமும் நெய்யும் தேங்காய்ப்பூவும் மணக்க மணக்க. சுப்பையா அண்ணன் மூன்றாம் தடவை கேட்டு வாங்கினார். நானும் சளைக்கவில்லை.

சாப்பிட்டு முடித்த பிறகு, எங்கள் பக்கத்தில் இதற்கு மீன் குழம்பு ஊற்றிக்கொள்வோம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அக்கா கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. என்னை அவ்வளவு இரக்கமாக யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. அண்ணனிடம் திரும்பி, என் காதில் விழாது என்ற நினைப்பில் சொன்னார். “புட்டுக்குக் கொழம்பாம்ல! பாவம், வெல்லம் கெடைக்காத சீமை போல.”

திக்குக்கு ஒரு சூலம்

முதலாளி எனக்குத் திட்டம் போட்டுக் கொடுத்திருந்தார். திங்கள் கிழக்கே கோட்டைப்பட்டினம், செவ்வாய் வடக்கே கீரனூர். ஊரை விட்டே பல வருஷமான மனிதர், எந்தக் கிழமையில் எந்தத் திக்குக்குப் போகக் கூடாது என்கிற சூலத்தை மறந்துவிட்டார். திங்களன்று பெட்டியைத் தூக்கினேன். இன்றைக்குக் கிழக்கே சூலம், ஆகாது என்றார் அக்கா. செவ்வாயன்று தூக்கினேன். இன்றைக்கு வடக்கே சூலம். புதனன்றும் அதே வடக்கு. எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. மெஷின் விற்காவிட்டால் என் கல்யாணம் நின்றுவிடும் அக்கா என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அக்கா பதறிப்போனார். அதைக் கேட்ட பிறகாவது விடுவார் என்று பார்த்தால், பிடி இன்னும் இறுகியது. கல்யாணக் காரியத்துக்குப் போகிறவனைச் சூலத்துக்கு எதிரே அனுப்புவதா? வேண்டுமானால் வடக்கே போகப் பால் பரிகாரம், கிழக்கே போகத் தயிர் பரிகாரம் உண்டு, ஆனால் அதெல்லாம் அவசரக்காரர்களுக்கு என்றார். நான் சுப்பையா அண்ணனைப் பார்த்தேன். அவர் வெற்றிலையை மடித்தபடி என்னைத் தேற்றினார். “கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் வடக்க போனதே மழை இல்லாத வியாழக்கெழமைதான் தம்பி. எனக்கு என்ன கொறஞ்சு போச்சு?”

கடலுக்கு ரவிக்கையா?

கடைசியில் ஒரு நல்ல நாளில், கட்டுச்சோற்றுடன் கோட்டைப்பட்டினம் போய்ச் சேர்ந்தேன். கரையில் கூட்டம் கூடிவிட்டது. நான் ஒரு ரவிக்கைத் துணியைச் சர்ரென்று தைத்துக் காட்டினேன். சொந்தமாகப் படகு வைத்திருந்த ஒரு பெரியவர் கிட்டே வந்து, நூலை இழுத்துப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். செல்லம் கழுத்தில் தாலி ஏறிவிட்டதாகவே எனக்குத் தோன்றியது.

பெரியவர் ஆளனுப்பிப் படகுப் பாயைக் கொண்டுவரச் சொன்னார். பாய்த்துணி எருமைத் தோல் மாதிரி இருந்தது. இரண்டே சுற்றில் ஊசி படக்கென்று முறிந்தது. இது மெல்லிய துணிக்கான மெஷின் ஐயா என்று கெஞ்சினேன். கரையே சிரித்தது, அவரைத் தவிர. “பாய் தைக்கத் தெரியாத மெஷினை வாங்கிட்டு, கடலுக்கு நான் ரவிக்கையா கட்டிக்கிட்டுப் போறது?”

உட்காருவது யார்?

அக்காவின் எதிர்வீட்டில் வள்ளியம்மை ஆச்சி இருந்தார். கணவர் மலாயாவில் வியாபாரம். பெரிய வீடு, கல்யாண வயதில் இரண்டு பெண்கள். இதை விட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? ஊசியை மாற்றிக்கொண்டு போய், எனக்குத் தெரிந்த வாய் வித்தைகளை எல்லாம் காட்டினேன். ஆச்சி என்னை வாசலோடு நிறுத்தி, மோர் கொடுத்து, பொறுமையாகக் கேட்டார். மெஷின் பெட்டியைத் திறக்கக்கூட விடவில்லை. “வருசா வருசம் தையக்காரர் வந்து ஒக்காந்து தைச்சுக் குடுத்துட்டுப் போறாரு. மெஷினு வந்தா அதுல்ல ஒக்காந்துக்கும்? தைக்கிறது யாரு?”

பரஸ்தானம்

புறப்படும் நாள் வந்தது. வியாழக்கிழமை ரயிலைப் பிடித்து ராமேஸ்வரம் போய்த் தனுஷ்கோடியில் கப்பல் ஏற வேண்டும். மெஷின் அப்படியே இருந்தது. மாமனிடம் என்ன சொல்வது என்று நினைக்க நினைக்கத் தூக்கம் பிடிக்கவில்லை. அக்காவின் கவலையோ வேறு. வியாழனன்று தெற்கே சூலம். ரயில்காரனிடம் பேசிப் பார்க்க முடியாது. அதற்கும் வழி இருந்தது. ஆள் கிளம்ப முடியாவிட்டால், நல்ல நேரத்தில் அவன் பொருள் ஒன்றை வெளியே அனுப்பி வேறு வீட்டில் வைத்துவிட வேண்டும். போகும்போது அதை எடுத்துக்கொண்டு போனால் அந்த நல்ல நேரத்திலேயே புறப்பட்டதாகக் கணக்கு. இதுதான் பரஸ்தானம். வழக்கமாகக் குடையோ துண்டோ வைப்பார்கள். புதன் மாலை நான் குடையை நீட்டினேன். அக்கா அதைத் தட்டிவிட்டு, மெஷின் பெட்டியையே சுப்பையா அண்ணன் தலையில் ஏற்றி எதிர்வீட்டுக்கு அனுப்பினார்.

காலையில் பெட்டியை எடுக்கப் போனேன். வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. உள்ளே முற்றம் நிறையப் பெண்கள். நடுவில் மெஷின். ஆச்சி சம்மணம் போட்டு உட்கார்ந்து கடகடவென்று சக்கரம் சுற்ற, மகள்கள் இரண்டு பக்கமும் துணி பிடித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டிலிருந்த தலையணைகள் அத்தனைக்கும் உறை தைத்தாகிவிட்டது. கடைசி உறையோடு ஆச்சியின் முந்தானையும் சேர்ந்து தைபட்டிருந்தது, அது யார் கண்ணிலும் படவில்லை. ரயிலுக்கு நேரமாயிற்று, பெட்டி வேண்டுமே என்றேன். ஆச்சி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “நீங்க கெளம்புங்க தம்பி. இது இங்கிட்டே கெடக்கட்டும். பணத்தை வாங்கிக்கிட்டுப் போங்க.”

நான் ஓடியே வந்தேன். அக்கா காலில் விழுந்தேன். அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை. உடம்பெல்லாம் சந்தோஷம். அப்புறம்தான் உறைத்தது. பெட்டி பூட்டியல்லவா இருந்தது, சாவி அக்கா வீட்டு மாடத்தில்தானே கிடந்தது, திறந்தது எப்படி? அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு, எனக்கு வழிக்கு வெல்லம் கட்டுவதில் மும்முரமானார். சாவியை நீங்கள்தானே கொடுத்தனுப்பினீர்கள், அது விலைபோகும் என்று தெரிந்தே செய்தீர்களா என்று விடாமல் கேட்டேன். முடிச்சை இறுக்கியபடியே பதில் வந்தது. “எனக்கு என்ன தெரியும் தம்பி? நல்ல நேரத்துல வீட்டை விட்டுக் கெளம்புன பொருளு. அது திரும்பி வருமா?”

வேலை நிரந்தரமாயிற்று, செல்லமும் வீட்டுக்கு வந்துவிட்டாள், முதலாளி இன்றைக்கும் என் வாய்ச் சாமர்த்தியத்தைத்தான் புகழ்கிறார். அந்தப் பயணத்தில் என் வாய் செய்த ஒரே காரியம் அழகம்மை அக்கா போட்டதை மறுக்காமல் தின்றதுதான் என்று நானும் இதுவரை அவரைத் திருத்தவில்லை.