மாத்திரையை நிறுத்தாத பி.டி. டீச்சர்

பி.டி. டீச்சர் கன்னத்தில் குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை அழுத்திக்கொண்டு ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்த அந்தக் காலை இன்னும் என் கண்முன் நிற்கிறது. மைதானத்தின் ஒரு கோடியில் அவர் அதட்டினால் மறுகோடியில் ஓடும் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். அப்படிப்பட்டவர் அன்று வாய் திறக்க முடியாமல் கண்கலங்கி இருந்தார். கடைவாய்ப் பல் அழுகி, தாடை வீங்கியிருந்தது. சில மாதங்களுக்கு முன்புதான் மாரடைப்பு வந்து, திருப்பதியில் அவருக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். இரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க இரண்டு மாத்திரைகளை நாள் தவறாமல் விழுங்கி வந்தார்.

நான் வேலூரிலிருந்து சித்தூருக்கு, அந்தப் பள்ளிக்கு ஆசிரியையாக வந்த புதிது. மாலையில் அவரையும் அவர் கணவரையும் என் காரில் பல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். மருத்துவர் இளைஞர்; பல்லைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "இந்த மாத்திரையோட புடுங்கினா ரத்தம் சீக்கிரம் நிக்காது. கொஞ்ச நாள் ரெண்டையும் நிறுத்திட்டு வாங்க" என்றார்.

கணவருக்கு அது போதுமாக இருந்தது. "டாக்டரே சொல்றாரு, நிறுத்திடு. வலி தாங்காம அழுதுக்கினு இருக்கியே!"

டீச்சர் அசையவில்லை. "ஸ்டென்ட் வச்சவரக் கேக்காம ஒருவேள மாத்திரயக்கூட நிறுத்த மாட்டேன். போன் போடு."

திருப்பதி மருத்துவர் தெலுங்குக்காரர். ஸ்பீக்கரில் அவர் குரல் உரத்து ஒலித்தது. "ஆபொத்தம்மா! ரெண்டூ ஆபொத்து!"

என் அரைகுறைத் தெலுங்குக்கு அது 'ஆபத்து' என்றே கேட்டது. என் முகம் வெளிறியதைக் கண்டு, அந்த வலியிலும் டீச்சர் சிரித்துவிட்டார். "பயந்துக்காதம்மா. ரெண்டையும் நிறுத்தாதேன்னு சொல்றாரு." புது ஸ்டென்ட்; மாத்திரையை நிறுத்தினால் அதற்குள்ளேயே இரத்தம் உறைந்து மறுபடி மாரடைப்பு வரலாம் என்று மருத்துவர் சொன்னதையும் டீச்சரே எனக்கு விளக்கினார். யோசித்தால், என் காது பெரிதாகத் தப்புச் செய்துவிடவில்லை.

பிறகு மருத்துவர்கள் இருவரும் பேசிக்கொண்டார்கள். மறுநாள், மாத்திரைகளை நிறுத்தாமலே பல்லைப் பிடுங்கித் தையல் போட்டார் பல் மருத்துவர். பஞ்சுத் துணியை அழுத்திக் கடித்தபடி டீச்சர் உட்கார்ந்திருந்தார். துணி சிவந்தது. மாற்றிய துணியும் சிவந்தது. கணவர் அடுத்த துணியைக் கேட்டு எழுந்து நின்றார். இரத்தம் நிற்க மற்றவர்களுக்கு ஆவதைவிட அதிக நேரம் பிடித்தது. ஆனால் கடைசியில் எடுத்த துணியில் இளஞ்சிவப்புக் கறை மட்டுமே இருந்தது. "நின்னுடுச்சு!" என்று எங்களைவிட அதிகமாக மகிழ்ந்தவர் அந்த இளம் மருத்துவர்தான். மறுபடி கசிந்தால் துணியைக் கடித்து அழுத்தவும், அப்படியும் நிற்காவிட்டால் உடனே வரவும், கேட்காமல் கடையில் வலி மாத்திரை வாங்கக் கூடாதென்றும் சொல்லி அனுப்பினார்.

நாளடைவில், ஒரு மாத்திரை போதும் என்று இதய மருத்துவரே இன்னொன்றை நிறுத்தினார். ஓடவைத்துச் சோதித்துவிட்டு, தாராளமாக ஓடலாம் என்றும் சொன்னார். இந்த ஆண்டு பள்ளி விளையாட்டு விழாவில் ஆசிரியைகளுக்கான ஓட்டப்பந்தயம். வயதில் சின்னவள் என்ற தைரியத்தில் நான் முன்னால் ஓடிக்கொண்டிருந்தேன். பாதித் தூரத்தில் ஒரு புடவை சரசரவென்று என்னைக் கடந்து போனது. எல்லைக்கோட்டைத் தாண்டியதும் டீச்சர் திரும்பி நின்று, மைதானமே கேட்கும்படி கத்தினார்.

"என்னாம்மா, வேலூர்ல எல்லாரும் இப்படித்தான் நடந்துக்கினு வருவீங்களா?"