வுப்பர்டாலுக்குக் கொண்டுபோன ஆறு மாம்பழங்கள்

ஞாயிறு, காலை 9.10. டோர்ட்மண்ட் ரயில் நிலையத்தில் ஒரு மாம்பழப் பெட்டியோடு நிற்கிறேன். தமிழ்க்கடையில் முதல்நாள் வாங்கியது. ஆறு பழம், பன்னிரண்டு ஐரோ. ரயில் இருபது நிமிடம் தாமதம் என்றது பலகை. ஜெர்மனியில் ரயில் மணிக்கூடு பார்த்து ஓடும் என்று ஊரில் இன்னும் நம்புகிறவர்களுக்கு இதைச் சொல்லிவைக்கிறேன். அன்று எனக்கு அது வசதியாகவே இருந்தது. போகிற இடத்தில் சொல்லவேண்டியதை வாய்க்குள் இன்னும் கூட்டிச் சேர்த்து முடிக்கவில்லை.

9.30. ரயில் புறப்பட்டது. வுப்பர்டாலுக்கு ஐம்பது கிலோமீற்றர், முக்கால் மணி நேரம். அதற்குள் போகிற காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். லேயா அங்கே புதிதாக வந்து சேர்ந்த ஜெர்மன் பெண். (அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயரை மாற்றியிருக்கிறேன்.) என் மகள் துளசியின் பதினெட்டாவது பிறந்தநாளுக்கு அவரை வீட்டுக்கு அழைத்தேன். வந்தார், பரிசு தந்தார், எல்லோரோடும் சிரித்துக் கதைத்தார். ஆனால் ரோல்ஸ் வேண்டாம், வடை வேண்டாம், கேக் வேண்டாம், தேநீரும் வேண்டாம். கைப்பைக்குள்ளிருந்து தன் போத்தலை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.

அந்தப் போத்தலைக் கண்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊர்த் தேநீர்க்கடையில் எங்கள் சாதிக்குப் பேணி, அதாவது மற்றவர்கள் குடிக்கிற தகரக் குவளை, தரமாட்டார்கள். அப்பா வெளியே நின்று போத்தலில் தேநீர் குடித்ததை இந்தக் கண்ணால் கண்டிருக்கிறேன். கடல் கடந்து வந்து முப்பது வருடமாகிறது. என் வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு ஒருத்தி என் கோப்பையைத் தொடமாட்டாளாமா?

கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் இடைவேளை அறையில் அவிழ்த்துவிட்டேன், தமிழிலும் ஜெர்மனிலும். "எங்கடை கையாலை குடுத்தால் அவவுக்கு அருவருப்பு. எங்களை மனிசராய் மதிக்கிறேல்லை." லேயா தினமும் தன் பெட்டிச் சாப்பாட்டைத் தனியே சாப்பிடுகிறவர். அதுவே என் கதைக்குச் சாட்சியாகிவிட்டது. பிறகு அவர் மேசையில் ஒருவரும் இருக்கவில்லை. மூன்று மாதத்தில் வேலையை விட்டுவிட்டு வுப்பர்டாலுக்குப் போய்விட்டார். நல்ல காரியம் செய்தேன் என்றுதான் நினைத்தேன், வெட்கங்கெட்டவள்.

துளசி இப்போது வுப்பர்டாலில் படிக்கிறாள். போன மாதம் தொலைபேசியில் சொன்னாள்: "அம்மா, லேயாவைக் கண்டனான். அவ யூத ஆள். அவையின்ரை சாப்பாட்டுக்குக் கனக்க முறை இருக்குதாம், மற்ற ஆக்களின்ரை குசினியிலை சமைச்சது ஏலாதாம். வேலை இடத்திலை யூதர் எண்டு சொல்லப் பயமாம். நீங்கள் சுகமோ எண்டு கேட்டவ."

அன்று ஒரு வாய் சோறு இறங்கவில்லை. பயந்து எதையாவது மறைத்துக்கொண்டு வாழ்வது எப்படியிருக்கும் என்று அகதியாக வந்த எனக்குத் தெரியாதா?

10.20. வுப்பர்டால். இந்த ஊரின் அதிசயம் தொங்கு ரயில். மேலே ஒற்றைத் தண்டவாளம், அதில் பெட்டி தொங்கிக்கொண்டு ஓடும். கீழே ஆறு, ஏறக்குறைய பன்னிரண்டு மீற்றர் ஆழத்தில். வளைவுகளில் பெட்டி ஆடும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நிலையத்தில் வந்து ஏறிக்கொண்ட துளசி என் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்கள்தான் அந்தக் கதையைத் தொடக்கினதெண்டு அவவுக்குத் தெரியாதம்மா. நான் சொல்லேல்லை."

அப்பாடா என்று ஒரு கணம் இருந்தது. அந்த ஒரு கணத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

"மழுப்பிப்போட்டு வராதேங்கோ," என்றாள்.

"ஓமடி, வாயை மூடு."

பத்து நிறுத்தம் தாண்டிக் கடைசி நிறுத்தமான ஃபோவிங்கிளில் இறங்கினோம். வாசல்வரை வந்து, துளசி கீழேயே நின்றுவிட்டாள்.

11.00. மூன்றாம் மாடி. லேயா "ரதி!" என்று என்னைக் கட்டிப்பிடித்து வரவேற்றார். வெட்டாத பழம் என்றால் அவர்களுக்குப் பிரச்சினை இல்லையாம். துளசி விசாரித்துச் சொல்லியிருந்தாள். தன் கத்தியால் ஒரு மாம்பழத்தை வெட்டித் தன் தட்டில் எனக்குப் பாதி தந்தார். நான் சாப்பிட்டேன்.

"நீங்கள்தான் கதை பரப்பினீர்கள் என்று அங்கே ஒருவர் சொன்னார்," என்றார் ஜெர்மனில். "நான் நம்பவில்லை. எங்கள் மார்க்கத்தில் ஒரு போதனை உண்டு. ஒருவர் செய்தது நல்லதா கெட்டதா என்று தெரியாதபோது அவரைத் தராசின் நல்ல தட்டில் வைக்கவேண்டும். ரதி வேறு ஏதோ சொல்லியிருப்பார், கேட்டவர் திரித்துவிட்டார் என்று வைத்துக்கொண்டேன். நீங்கள் என்னோடு பேசாமல் விட்டபோது, வீட்டில் ஏதோ கஷ்டமாக்கும் என்று நினைத்தேன்."

நான் தலையாட்டினால் போதும். கதை அத்தோடு முடிந்துவிடும்.

"ஒருவரும் திரிக்கவில்லை," என்றேன். "நான்தான் சொன்னேன். உங்களிடம் அவர் சொன்னது உண்மை."

லேயா கத்தியைக் கீழே வைத்தார். நான் அப்பாவின் போத்தலைப் பற்றிச் சொல்லி அழுதேன். முடியும்வரை கேட்டார்.

"உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அந்தப் போதனை சந்தேகம் இருக்கும்வரைதான். இப்போது எனக்குச் சந்தேகம் இல்லை."

என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

"இங்கே சொன்னதை அங்கேயும் சொல்லுங்கள், யாரிடமெல்லாம் சொன்னீர்களோ அவர்களிடம். நான் யூதப் பெண் என்பதை மட்டும் சொல்லாதீர்கள்."

"அப்படியென்றால் நீங்கள் ஏன் சாப்பிடவில்லை, நான் ஏன் தவறாக நினைத்தேன் என்று எப்படி விளக்குவது?"

"விளக்காதீர்கள்."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மிச்சம் ஐந்து பழத்தையும் திருப்பித் தரவில்லை. அந்த ஆறுதலையே பிடித்துக்கொண்டு படியிறங்கினேன்.

12.50. திரும்புகிற ரயில் நேரத்துக்கு வந்தது, எனக்கென்று.

திங்கள், காலை 9.30. அதே இடைவேளை அறை. எழுந்து நின்று ஜெர்மனில் சொன்னேன்: "லேயாவைப் பற்றி நான் சொன்னது பொய். அவர் எங்களை ஒருநாளும் தாழ்வாக நினைக்கவில்லை."

என்னோடு பத்து வருடமாக வேலை செய்கிற சாந்தியக்கா தமிழில் கேட்டார்: "அப்ப ஏனடி அப்பிடிச் சொன்னனீ?"

காரணம் நாக்கு நுனியில் நின்றது; சொன்னால் லேயா ஏன் சாப்பிடவில்லை என்பதும் வெளியே வரும். விழுங்கினேன்.

"சொல்ல ஏலாதக்கா."

அக்கா என்னைப் பார்த்தார். லேயாவாக இருந்தால் அந்த நேரத்தில் எனக்காக ஒரு காரணத்தைத் தேடியிருப்பார். அக்கா தன் தேநீரை எடுத்துக்கொண்டு மற்ற மேசைக்குப் போனார்.