கதவில் சாக்பீஸ் கோடுகள்

“…நேத்துக் கேட்டிருந்தா அஞ்சு போட்டிருப்பேம்லா தம்பி, இன்னைக்குப் பாத்து வந்து கேக்கியளே!”

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் பம்பாய்த் தாராவிக் காசநோயாளிகளின் வீடுகளுக்கு நாள்தோறும் போய்வந்த சமூக சேவகி அவர். ஒடிசலான உடம்பு, பலமுறை தைத்த செருப்பு. நோயாளி கண்முன்னே மாத்திரையை விழுங்கினால்தான் கதவில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். நானோ, இப்படிப்பட்ட ஊழியர்களுக்கு வேலையில் எவ்வளவு திருப்தி என்று, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணை எழுதி வாங்கிப்போக வந்தவன். என்னை அனுப்பிய செம்பூர் ஆபீசில் அதையெல்லாம் கூட்டிச் சராசரி எடுப்பார்கள்.

நாங்கள் நின்ற வீட்டுக் கதவு நிறையக் கோடுகள். அந்த வீட்டுப் பெண் அன்று காலையில்தான் இறந்துபோயிருந்தாள்.

“சும்மா மூணுன்னு போடுங்கக்கா. காலியா விட்டா உங்க தாளையே கழிச்சுருவாங்க.”

“தாளு பூரா என்னையப் பத்தித்தான் கேட்டிருக்கு. இவளைப் பத்தி எங்க எழுத?”

“அதுக்கு இடமில்லக்கா.”

தாளை வெறுமையாகவே என் கையில் திணித்தார்.

“அவ புருசன் சுடுகாட்டுலேருந்து வாறதுக்குள்ள வேலை இருக்கு,” என்றவர், முந்தானையைத் தண்ணீரில் நனைத்து, அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினார்.