பீரோவில் வைத்த பெருங்காயம்

காஞ்சிபுரத்தில் குடியிருந்துகொண்டு, நெசவுக்காரர் வீட்டில் பெண்ணும் எடுத்து, மனைவியின் முகூர்த்தப் பட்டு இருந்த பெட்டிக்குள் பெருங்காயக் கட்டியை வைத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வேறு யாராவது இருந்தால் தெரிவிக்கவும், மனசுக்கு ஆறுதலாக இருக்கும்.

முட்டாள்தனம்தான், ஆனால் படித்துவிட்டுச் செய்த முட்டாள்தனம். அந்துருண்டை ஜரிகைக்கு ஆகாது என்று எங்கோ படித்திருந்தேன். பெருங்காய டப்பா பக்கம் பூச்சி அண்டாது என்பது எங்கள் சமையலறையில் நானே கண்டது. இரண்டையும் கூட்டினேன். புடவையை மடித்து, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, துணியில் முடிந்த பெருங்காயத்தையும் உள்ளே வைத்து, பீரோவின் மேல்தட்டில் ஏற்றினேன். அன்று என்னைப் பற்றி நான் மிகவும் உயர்வாக நினைத்துக்கொண்டேன்.

மகளுக்கு நிச்சயதார்த்தம் முடிவானதும் பெட்டி இறங்கியது. அம்மாவின் முகூர்த்தப் பட்டைத்தான் கட்டுவேன் என்று மகள் சொல்லியிருந்தாள். அரக்குச் சிவப்பு உடல், மாம்பழ மஞ்சள் கரை. இரண்டு நிறத்தையும் கோர்வை போட்டு இணைத்து, என் மாமனார் தன் தறியில் நெய்தது. கரை முழுக்க அசல் வெள்ளி ஜரிகை, மேலே தங்க முலாம். மனைவி மூடியைத் திறந்தாள். முதலில் வாசனை வந்தது. அப்புறம் கரை தெரிந்தது. அதிலிருந்த ஜரிகை மயிலெல்லாம் காக்கையாகியிருந்தது.

"என்னா இது?" என்றாள்.

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "வெள்ளி சல்பைடு" என்றேன்.

ஏதோ வியாதியின் பெயரைக் கேட்டதுபோல அவள் உட்கார்ந்துவிட்டாள்.

பெருங்காய வாசனை என்று நாம் சொல்வது, கந்தகம் சேர்ந்த மூலக்கூறுகள் காற்றில் கிளம்பி வருவதுதான். அவை மூக்குக்கு வந்தால் சாம்பார் ஞாபகம் வருகிறது. வெள்ளியிடம் போனால் வேறு வேலை நடக்கிறது. வெள்ளி அணுவிடம் கொடுப்பதற்கு ஒரு எலக்ட்ரான் இருக்கிறது. கந்தக அணுவுக்கு இரண்டு குறைகிறது. ஆகவே இரண்டு வெள்ளிக்கு ஒரு கந்தகம் என்று பேச்சு முடிந்துவிடுகிறது. சேர்ந்தபின் வெள்ளியின் பளபளப்பும் இல்லை, கந்தகத்தின் மஞ்சளும் இல்லை. இருவர் ஜாடையும் இல்லாத ஒரு கறுப்பு. தங்கம் லேசில் யாரோடும் சேராத தனிக்கட்டை. ஆனால் முலாம் மிக மெல்லிசு, அதிலும் தேய்ந்த இடங்கள் உண்டு, வழி கிடைத்துவிட்டது. எங்கள் வீட்டில் ஒரு மாப்பிள்ளை அமைவதற்கு ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தோம். பீரோவுக்குள் கோடிக்கணக்கில் கல்யாணம் சத்தமில்லாமல் முடிந்துகொண்டிருந்திருக்கிறது.

பிள்ளையார்பாளையத்தில் மனைவியின் தம்பி இன்னும் தறி போடுகிறான். புடவையை அவனிடம் கொண்டுபோனேன். பிரித்துப் பார்த்து, மோந்தும் பார்த்தான்.

"இன்னா மாமா, சாம்பார்ல முக்கி எடுத்தீங்களா?"

"வெள்ளியும் கந்தகமும் சேர்ந்துடுச்சுப்பா. உங்க கோர்வை மாதிரின்னு வெச்சுக்கோ."

"கோர்வையைக்கூட ஊசிய வெச்சிக்கினு ஒக்காந்தா இழை இழையா பிரிச்சிடலாம். இது பிரியுமா?"

"லேசுல பிரியாது."

"பழைய பட்டு வாங்கறவங்க கிட்ட போட்டா பிரிச்சிடுவாங்க."

எனக்கு உயிர் வந்தது. "எப்படி?"

"கொளுத்துவாங்க. பட்டு சாம்பலா பூடும், வெள்ளி தனியா வந்துடும். அக்கா கிட்ட கேட்டுட்டு சொல்லுங்க."

அவன் சிரித்துக்கொண்டே தறிக்குழியில் இறங்கிவிட்டான். எரிச்சலோடு வீட்டுக்கு வந்து, மறுபடியும் புத்தகத்தைத் திறந்தேன். அங்கேதான் என் இரண்டாவது தப்பு ஆரம்பித்தது. கந்தகத்துக்கு வெள்ளியைவிட நல்ல இடமாகக் காட்டினால் அது வெள்ளியை விட்டுவிடுமாம். நல்ல இடம் அலுமினியம். பிரியாணி சுற்றித் தருகிற தாள், ஆப்பசோடா, கொதிக்கிற தண்ணீர், அவ்வளவுதான். முதலில் கறுத்துக் கிடந்த வெள்ளிக் குங்குமச்சிமிழைப் போட்டுப் பார்த்தேன். நகைக்கடையிலிருந்து இப்போதுதான் வந்ததுபோல் எழுந்து வந்தது. விஞ்ஞானத்தின் மேல் எனக்கு இருந்த மரியாதை திரும்பிவிட்டது.

நிச்சயத்துக்கென்று மகளுக்குத் தைக்கக் கொடுத்திருந்த பிளவுஸை வாங்க மனைவி தையல்காரரிடம் போயிருந்த சமயம் பார்த்து, முந்தானையின் ஒரு மூலையை மட்டும் நனைத்தேன். ஜரிகை பளிச்சிட்டது, அதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஒரு வாய் காப்பி குடிக்கும் நேரம் சந்தோஷமாக இருந்திருப்பேன். அதற்குள் தண்ணீர் ரோஸ் நிறமாகிவிட்டது. என் சமன்பாட்டில் வெள்ளி இருந்தது, கந்தகம் இருந்தது, அலுமினியம் இருந்தது. பட்டும் சாயமும் இல்லை. சோடாத் தண்ணீரில் அரக்குச் சாயம் கழன்று, மாம்பழ மஞ்சள் கரையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இப்போது ஜரிகை முழுக்கக் கறுப்பு, ஒரு மூலையில் மட்டும் பளபளப்பு, அந்த மூலையில் வெற்றிலை துப்பியதுபோல் ஒரு கறை.

மாலையில் மகள் வேலையிலிருந்து வந்தாள். மூலையை விரித்துப் பார்த்தாள்.

"டெஸ்ட் பண்ணிப் பாத்தியாப்பா?"

"குங்குமச்சிமிழ்ல பாத்தேன்."

"அது பட்டாப்பா?"

சிமிழை எடுத்து உள்ளே வைத்தேன்.

"புதுசா ஒண்ணு எடுத்துடலாம்மா," என்றாள் மனைவி. என் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

மகள் பிளவுஸை எடுத்துப் புடவை மேல் வைத்தாள். கழுத்து, கை எல்லாம் ஆரி வொர்க், அந்த அரக்குக்கென்றே பார்த்துப் பார்த்துப் போட்டது. "இதுக்கு வேற எந்தப் பொடவையும் செட் ஆவாதும்மா. இதையே கட்டிக்கறேன். இந்த மூலைய சுத்தி இடுப்புல சொருவிக்கலாம்." அப்புறம் என்னிடம், "இனிமே நீ எதையும் சேக்க வேணாம், பிரிக்கவும் வேணாம். சும்மா இருப்பா" என்றாள்.

சும்மா இருந்தேன். மொட்டைமாடி நிழலில் தினமும் புடவையைக் காற்றாடப் போட்டு எடுப்பது மட்டும் என் வேலை. நிச்சயத்துக்கு முன்தினம் முகர்ந்து பார்த்து, வாசனை சுத்தமாகப் போய்விட்டது என்று சொன்னேன். பெட்டி திறந்த நாளிலிருந்து அதையே முகர்ந்துகொண்டிருந்த மூக்கு அது என்பதை யோசிக்கவில்லை.

நிச்சயதார்த்தம் நன்றாகவே நடந்தது. வீடியோக்காரரின் விளக்கில் கறுத்த ஜரிகை பழங்கால நகைபோல் தெரிந்தது, மூலை இடுப்பில் பத்திரமாக இருந்தது. கரை ஏன் இப்படி இருக்கிறது என்று மாப்பிள்ளை வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்டால் எலக்ட்ரானிலிருந்து ஆரம்பிக்கத் தயாராக இருந்தேன். இவ்வளவு சேதத்துக்கு அப்புறமும் ஒருவர்கூடக் கேட்காதது எரிச்சலாகத்தான் இருந்தது.

அவர்கள் வேன் கிளம்பிப் போனதும் மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சம்பந்தியம்மா ஏறும்போது ஒண்ணு சொல்லிட்டுப் போனாங்க" என்றாள்.

"என்ன?"

"பொண்ணு லட்சணமா இருக்குது, ஆனா இன்னைக்குக்கூட அத சமையக்கட்டுல வுட்டிருக்க வேணாம், பக்கத்துல ஒக்காந்தா ரசம் வாசனையா வருதுன்னாங்க."