கழுவிய வீட்டைக் கழுவப் போனோம்

சேற்றை ஈரமாக இருக்கும்போதே அள்ளிவிட வேண்டும். காய்ந்தால் சீமெந்து. ஐம்பத்து மூன்று வயதுவரை புத்தகங்களோடு குடித்தனம் நடத்திய எனக்கு இதைச் சொன்னவர் எங்கள் கத்தோலிக்கக் கோயிலைக் கூட்டித் துடைக்கும் அக்கா. நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் பங்கின் இளைஞர் மன்றத்துக்கு என்னை ஆலோசகராக வைத்திருப்பதே அதற்காகத்தான்.

அது வெள்ளம் வடிந்த வெள்ளிக்கிழமை. பங்கு மண்டபத்தில் அக்கா எங்களுக்குச் சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் விடிய நாங்கள் மலைநாட்டுக்கு, மண் சரிந்த ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு, நிவாரணப் பணிக்குப் போகிறோம். அக்காவின் வீடு வெல்லம்பிட்டியில், ஆற்றுக்குப் பக்கத்துச் சின்ன ஒழுங்கையில். தண்ணீர் ஜன்னல்வரை ஏறி நின்றுவிட்டு, கணுக்கால் புதையச் சேற்றை விட்டுப் போயிருந்தது. அவரும் புருஷனும் மகளும், மகள் படிக்கிற பள்ளிக்கூடத்தின் வகுப்பறையில் படுத்தார்கள். திங்கள் பாடம் தொடங்குகிறது, ஞாயிறு மாலைக்குள் இடத்தை விட வேண்டும் என்று அதிபர் சொல்லிவிட்டார்.

"சேர், நாளைக்குக் காலையில ஒரு நாலு பொடியன்மாரை அனுப்ப ஏலுமா? மண்டபத்து மம்பட்டியும் வேணும். இவருக்கு முதுகு ஏலாதுதானே. காய முந்தி அள்ளிட்டா ஞாயித்துக்கிழமை வீட்டுக்கே போயிரலாம்."

மண்டபத்தில் ஆறு மண்வெட்டிகள் இருந்தன, சிரமதானத்துக்கென்று வாங்கியவை. ஆறையும் காலையிலேயே பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். பொடியன்மாருக்கு ஆரஞ்சு நிற டீ-சேர்ட்டும் அவரவர் அளவில் வந்தாயிற்று.

"கிட்டத்தானே அக்கா. வந்த உடனே வாறம். கிட்ட இருக்கிற இடத்துக்கு எப்பவும் வரலாம்தானே" என்றேன்.

அவர் அடுத்த பார்சலுக்குச் சம்பல் வைத்தார்.

அந்த வசனம் என்னுடையதல்ல என்று சொல்லித் தப்பப் பார்க்கலாம். பயணத்தைத் திட்டமிட்ட கூட்டத்தில் பாதர் சொன்னார், செயலாளர் சொன்னார். வெல்லம்பிட்டிக்கே போகலாமே, ஓட்டோவிலேயே போய்விடலாமே என்று ஒரு பிள்ளை கேட்டதற்கு, அதையெல்லாம் யாராவது பயணம் என்பார்களா என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்னுடையதுதான் கொஞ்சம் அதிகச் சத்தம். பாதர் மேலும் செயலாளர் மேலும் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆனால் என்னுடைய அந்தச் சிரிப்பை நினைக்கும்போது வருகிற கோபத்துக்குப் பக்கத்தில் அது ஒன்றுமே இல்லை.

பஸ் அவிசாவளை வீதியால் போனது. வெல்லம்பிட்டி ஊடாகத்தான் போக வேண்டும். வழிநெடுக மதில்களில் மெத்தைகளும் பள்ளிப் புத்தகங்களும் காய்ந்தன. அக்காவின் ஒழுங்கை முகப்புத் தெரிந்தபோது பின்சீட்டில் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பிளேன்டீக்கு நிறுத்தவா என்று சாரதி சிங்களத்தில் கேட்டார். வேண்டாம், நேரம் போகிறது என்றேன். மிச்சம் பிடித்த அந்த நேரத்தை எங்கே கொண்டுபோய் வைக்க இருந்தேனோ தெரியாது.

தோட்டத்தில் எங்களுக்கு முன்பே இரண்டு பஸ்கள் நின்றன. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் எங்களுக்கு ஒதுக்கிய வீட்டை முந்திய நாள் ஒரு குழுவும் அன்று காலை இன்னொரு குழுவும் கழுவிவிட்டுப் போயிருந்தன. தரையில் ஈரம்கூடக் காயவில்லை. கொழுந்து பறிக்கும் அந்த வீட்டுக்கார அம்மா எங்கள் ஆரஞ்சுச் சட்டைகளைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"இம்புட்டுத் தூரம் வந்துட்டீங்க, சும்மா அனுப்ப மனசு வரல. ஒருக்கா கழுவிட்டுப் போங்க" என்றார். "அடுப்பு மூலைய மட்டும் விட்டுருங்க. ரெண்டு தரம் கழுவினதுல அடுப்பு இன்னும் பத்த மாட்டேங்குது."

இருபத்தெட்டுப் பேர் மாறி மாறிக் கழுவினோம். அவர் பக்கத்து வீட்டு அடுப்பில் தேநீர் வைத்துத் தந்தார். கூரை ஒழுகுகிறது, தார்ப்பாய் ஏதும் கொண்டுவந்தீர்களா என்று கேட்டார். இல்லை. எங்களிடம் மண்வெட்டிதான் இருந்தது. அதைத் தோளில் வைத்துக்கொண்டு எல்லோரும் படம் பிடித்தோம். என் தோளிலும் ஒன்று, வயிற்றை உள்ளே இழுத்தபடி.

ஞாயிறு மதியம் திரும்பியதும் பிள்ளைகள் களைப்பாக இருக்கிறது என்று வீட்டுக்குப் போனார்கள். நான் ஆறு மண்வெட்டிகளையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வெல்லம்பிட்டிக்குப் போனேன். இரண்டு நாள் வெயிலில் சேறு பாளம் பாளமாக வெடித்து இறுகியிருந்தது. பக்கத்துக் கடை நானா கொடுத்த கனத்த இரும்பு அலவாங்கால் அக்கா அதைக் குத்தி உடைக்க, மகள் கட்டிகளைச் சோற்றுப் பானையில் வாரிக்கொண்டுபோய்க் கொட்டினாள். முன்னறையே பாதிதான் முடிந்திருந்தது.

அக்கா ஒரு மண்வெட்டியை வாங்கி அதன் தகட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"கழுவியே கொண்டுவந்திருக்கிறீங்க சேர். என்னத்துக்கு வீண் வேலை? இங்க திருப்பியும் ஊத்தையாகும்தானே."

"ஓம்" என்றேன். அந்த மண்வெட்டி சேற்றையே காணவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

ஓங்கி ஒரு வெட்டு வெட்டினேன். மண்வெட்டி துள்ளி என் மணிக்கட்டைத்தான் பதம் பார்த்தது. "அங்கிள், அது சரிவராது. முதல்ல அலவாங்கால உடைக்கணும்" என்றாள் மகள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. ஐந்து மணிவரை உடைத்தோம். ஒருவரும் படுக்கிற மாதிரி அந்த வீடு ஆகவில்லை. வகுப்பறையைப் பூட்ட ஆள் வந்து நிற்பதாக அங்கே இருந்த புருஷன் போனில் சொன்னார்.

மண்டபத்தைப் பூட்டும் திறப்பு என்னிடம் இருந்தது. மூன்று பேரையும் பாய்களோடு அங்கே கொண்டுபோய் விட்டேன். செயலாளர் அழைத்தார்: திங்கள் மாலை நன்றிக் கூட்டம், சுவரில் பயணப் படங்கள் காட்ட வேண்டும், மண்டபம் தேவை. தாராளமாகக் காட்டுங்கள், இங்கே தங்கியிருக்கும் அக்கா வீட்டாரும் பார்க்கட்டும் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

திரும்பிப் பார்த்தபோது அக்கா பாயை இன்னும் விரிக்கவில்லை. விளக்குமாற்றை எடுத்து, வெள்ளிக்கிழமை நாங்கள் டீ-சேர்ட்டைப் பிரித்து எறிந்த பிளாஸ்டிக் உறைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார்.