மெதுவாகப் பேசிப் பார்த்தவர்

நான் வேலைக்குப் போகும் டவுன் பஸ்ஸில் அவர் நாகல் நகரில் ஏறுவார். பாதி நரைத்த மீசை, மடிப்புக் கலையாத காக்கிச் சட்டை. என்ஜின் பெட்டிக்குப் பக்கத்து இருக்கைதான் அவருக்குப் பிடிக்கும். நூற்பாலையில் காலமெல்லாம் இயந்திர இரைச்சலுக்குள் நின்றவர். வாயருகே கையைக் குவித்து, "சாப்டியா தம்பி?" என்று அவர் கேட்டால் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். எனக்குக் கூச்சமாக இருக்கும்.

அந்தக் குரலால்தான் அவருக்கு வேலை போனது.

"மெஷின்ல பெல்ட்டு பிஞ்சிருக்குன்னு ஆபீஸ்ல போயிச் சொன்னேன். புதுசா வந்த மேனேஜரு, நான் மிரட்டுறேன்னு சீட்டக் கிழிச்சுட்டாரு. மில்லுக்காரன் எவன் மெதுவாப் பேசுவான்? கூப்புட்டு ஒரு வார்த்த விசாரிச்சிருந்தா அம்புட்டு பேரும் சொல்லியிருப்பாய்ங்களே!"

தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருந்தார். அவரை விசாரிக்கும் நாளன்று காலையிலும் அதே இருக்கை. மெதுவாகப் பேசும்படி வக்கீல் சொல்லியிருந்தாராம். என்னிடம் ஒருமுறை பேசிப் பார்த்தார். உதடு அசைந்தது. என்ஜின் சத்தத்தில் ஒரு சொல்லும் எனக்கு எட்டவில்லை.

"உங்க குரல்லயே சொல்லுங்கண்ணே" என்றேன்.

"அதுக்குத்தானப்பா வெளிய அனுப்புனாய்ங்க!" என்று சிரித்தார். பஸ் திரும்பிப் பார்த்தது.

அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. இப்போது ஓடும் புது பஸ்களில் அத்தனை இரைச்சல் இல்லை. யாராவது உரக்கப் பேசினால் எல்லோரும் எரிச்சலோடு திரும்புகிறார்கள். நான் மட்டும், அவராக இருக்குமோ என்று திரும்புகிறேன்.