கறுப்புக் கண்ணாடியும் மாமாவின் கையும்

ஜப்பானுக்கு வேலைக்குப் போயிருந்த சித்தப்பா, டிவியில் பூட்டி விளையாடும் பெட்டி ஒன்றோடு, தலையில் மாட்டுகிற தடித்த கறுப்புக் கண்ணாடி ஒன்றையும் அனுப்பியிருந்தார். அதை மாட்டிக்கொண்டு பார்த்தால் விமானங்கள் திரையை விட்டுப் புறப்பட்டு மூக்கை உரசிக்கொண்டு பறக்கும். மாட்டாதவர்களுக்கோ எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும், தலையிடிதான் மிச்சம். நாங்கள் இருந்த சிங்கள ஊரான அம்பிட்டியவில் வேறெந்த வீட்டிலும் அப்படியொரு சாமான் இல்லை. பிறகென்ன, நான் பெரிய ஆளாகத்தான் திரிந்தேன்.

அந்த மகிழ்ச்சி கொஞ்ச நாள்தான். கண்ணாடியின் வயர் அறுந்துபோனது. அந்த நேரம் பார்த்து அம்மாவின் தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தார். வெளிநாட்டுக்குப் போக வழி கிடைக்கும்வரை எங்களோடு தங்குவதாக ஏற்பாடு. அப்பா முறைப்படி மாமாவின் பெயரைப் பொலிசில் பதிந்துதான் வைத்திருந்தார். ஆனாலும் அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். வாயில் ஒரு சொல் சிங்களமில்லை. அவருடைய வயதுப் பொடியன்களை ஆமி பிடித்துக்கொண்டுபோனால் எப்போது விடுவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாத காலம். அம்மா அவரைப் படலைக்கு வெளியே விடவேயில்லை.

வீட்டில் சும்மா இருந்த மாமா ஈயத்தை உருக்கி வயரை ஒட்டினார். ஒட்டென்றால் அப்படியொரு ஒட்டு! வயரை ஒரு பக்கமாகச் சரித்து உயர்த்திப் பிடித்தால்தான் படம் வரும். ஆகவே நான் விளையாடும் நேரமெல்லாம், ஆஸ்பத்திரியில் சேலைன் போத்தல் பிடித்துக்கொண்டு நிற்பவர் மாதிரி மாமா பக்கத்தில் நிற்பார். கை கடுக்கவில்லையா என்று அம்மா கேட்டால், எனக்கும் ஒரு உத்தியோகம் வேண்டும்தானே என்பார். எனக்கு மாமாவை அவ்வளவு பிடிக்கும்.

ஒரு சனிக்கிழமை காலை, அப்பா சந்தைக்குப் போயிருந்தபோது, ஆமிக்காரர் செக்கிங் வந்தார்கள். அலுமாரியைக் கிளறினார்கள், கட்டிலைப் புரட்டினார்கள். கடைசியில் மேசையில் கிடந்த ஈயக்கம்பியும் வெட்டிய வயர்த் துண்டுகளும் அவர்களுடைய பெரியவரின் கண்ணில் பட்டன. இது பிள்ளையின் விளையாட்டுச் சாமான் என்று அம்மா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னார். பெரியவர் மாமாவின் அடையாள அட்டையைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், அட்டையைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். விளையாட்டுச் சாமான் என்றால் போட்டுக் காட்டு என்றார்.

நான் ஓடிப்போய் டிவியைப் போட்டேன். எல்லாம் இரண்டிரண்டாக ஆடியது. அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. கண்ணாடியை மாட்டினால்தான் தெரியும் என்று பள்ளிக்கூடத்துச் சிங்களத்தில் நான் விளக்கினேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு மாட்டிக்கொண்டார். மாமா வயரை உயர்த்தினார்.

படம் வந்தது, போனது. மறுபடி வந்தது, போனது. ஒன்றுமே தெரியவில்லையே என்று பெரியவர் அதட்டினார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“மாமா, கையை ஆட்டாதேங்கோ.”

மாமா மற்றக் கையால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கையும் சேர்ந்து ஆடின. அம்மா வந்து அவருடைய முழங்கையைத் தாங்கினார்.

“நான் பிடிச்சிருக்கிறன். நீ வயரை மட்டும் பார்.”

படம் நின்றது. விமானம் ஒன்று சீறி வந்திருக்க வேண்டும்; பெரியவர் ‘அம்மே’ என்று குனிந்து, கதிரையோடு மோதிக்கொண்டு விழப் பார்த்தார். கூட வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு கழற்ற மனமில்லாமல் வெகுநேரம் விளையாடினார். கடைசியில் கண்ணைத் துடைத்தபடி அட்டையை மாமாவிடம் கொடுத்தார். இதை அதிகம் பார்த்தால் கண் கெடும் என்று எனக்குப் புத்தியும் சொல்லிவிட்டுப் போனார்.

இனி என் முறைதானே! நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காத்திருந்தேன். படம் வரவில்லை. கழற்றிப் பார்த்தால் மாமா நிலத்தில் உட்கார்ந்திருந்தார்.

“இண்டைக்கு ஏலாது பிள்ளை.”

யாரோ ஒருவருக்கு அவ்வளவு நேரம் பிடித்தவர், எனக்குப் பிடிக்கமாட்டாராம். போதாததற்கு அம்மா தேத்தண்ணீர் ஊற்றிவந்து, கோப்பையைத் தானே பிடித்து அவருக்குப் பருக்கிக்கொண்டிருந்தார். இவ்வளவு பெரிய ஆளுக்கு என்ன செல்லம் என்று எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

திங்கட்கிழமை வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன்: எங்கள் வீட்டுக்கு ஆமிக்காரர் விளையாட வந்தார்கள், வந்தவர்களுக்கு முன்னால், எங்கள் மாமா ஒரு வயரைக்கூட ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாமல் மானத்தை வாங்கிவிட்டார்.